தமயந்தி கைக்கு வராத தண்ணீர்

தமயந்தியைக் கட்டிக்கொண்டு வந்த பிறகுதான், ஈசூன் வட்டாரத்திலிருந்த தன் பழைய வீட்டுச் சமையலறையில் பிரபாகர் சென்சார் குழாய் போட்டான். அவன் கை நீட்டினால் தண்ணீர் வரும். தமயந்தி நீட்டினால் வராது. தினமும் காலையில் அவள் அடுப்பருகே விலகி நின்றால், தானாகத் திறந்து, அரிசி களைய ஆகும் நேரத்துக்கு ஓடிவிட்டு நிற்கும்.

“கோமளாவும் இந்நேரம்தான் அரிசி களைவா” என்றான் பிரபாகர். கோமளா, இறந்துபோன முதல் மனைவி.

“அவங்க இந்தக் குழாயைப் பார்த்ததே இல்லையே!”

“சென்சார் கோளாறுலா. செத்தவ மேல என்ன பொறாமை?”

அவன் வேலைக்குப் போனதும், வயிற்றெரிச்சலோடு குழாயின் பேட்டரிகளைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு தேக்கா சந்தைக்குக் கிளம்பினாள் தமயந்தி.

திரும்பி வந்து பூட்டைத் திறந்தாள். அடுப்பு மேடையில், களைந்த அரிசி பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்தது.

ஒரே ஆள் அளவு அரிசி; பிரபாகர் ஒருவனுக்குத்தான் காணும்.