ஈரச் சுண்ணாம்பு

தோளை வைத்துத்தான் முதலில் கண்டுகொண்டாள்.

படத்தில் முகம் இன்னும் வரவில்லை. கழுத்துக்கு மேல் வெறும் சுவர். ஆனால் அந்த இடது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. பாரம் தூக்கித் தூக்கி இறங்கிய தோள். பத்து வருடமாக அவள் தலை வைத்துத் தூங்குகிற தோள்.

தலையில் இருந்த சாந்துச் சட்டி ஆடியது.

"நின்னுட்டியே, கொத்தனார் காத்துக்கிட்டிருக்காரு" என்றாள் பின்னால் சட்டி சுமந்து வந்தவள்.

நடந்தாள்.

அது புதிய கோர்ட்டுக் கட்டடம். இரண்டு மழை பொய்த்த ஊரில் சர்க்கார் கொடுத்த பஞ்ச வேலை. எண்பது பேர் கல்லும் சுண்ணாம்பும் சுமந்தார்கள். கட்டியவர்களின் உருவம் உள்ளே சுவரில் இருக்க வேண்டும் என்பது கலெக்டர் துரையின் ஆசை. அதற்காகப் பட்டணத்திலிருந்து ஏகாம்பரம் என்ற ஓவியர் வந்திருந்தார். அவருக்கும் அங்கே பிழைப்பு இல்லாமல் போயிருந்ததாம். எல்லோரையும் வரிசையில் நிறுத்திப் பார்த்துவிட்டு, அவள் புருஷனைக் கைகாட்டினார்.

ஆள் பட்டியலில் அவன் பெயர் மாயழகு.

அது அவன் பெயர் இல்லை.

மலாயாவில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டங்களை மூடினார்கள். ஆட்களைக் கப்பல் கப்பலாகத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலுக்குக் காத்திருந்த கொட்டகையில் காய்ச்சலில் செத்தவன் மாயழகு. அவன் சீட்டை எடுத்துக்கொண்டு இவன் ஏறினான். மாயழகின் பெண்சாதியாக அவளும் ஏறினாள்.

அதற்கு நாலு நாள் முன்புதான் தோட்டத்துக் கங்காணியைப் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியால் வெட்டியிருந்தான். கங்காணியின் கையில் அப்போது அவளுடைய முந்தானை இருந்தது.

கங்காணி பிழைக்கவில்லை. ஆனால் அவன் வீசிய பூண் போட்ட பிரம்பு, இவன் நெற்றியில் குறுக்காக ஒரு தழும்பைப் போட்டுவிட்டது.

அன்றிலிருந்து தலைப்பாகையைப் புருவம் வரை இறக்கிக் கட்டினான்.

ஓவியர் அதை அவிழ்க்கச் சொன்னார்.

வாய் வந்தது. மூக்கு வந்தது. வியாழக்கிழமை நெற்றி வந்தது.

அவர் சாரத்திலிருந்து இறங்கித் தூரிகை கழுவும்வரை காத்திருந்தாள்.

"சாமி, அந்தத் தழும்பு மட்டும் வேணாம்."

அவர் கோபப்படவில்லை. "அது இல்லேன்னா யாரோ ஒருத்தன் ஆயிடுவான்மா" என்றார்.

யாரோ ஒருத்தன். அதைத்தான் அவளும் கேட்டாள்.

அன்று வேலை முடிந்தும் அவன் குடிசைக்குத் திரும்பவில்லை. தேடி வந்தாள். சுவருக்கு முன்னால் கைகட்டி நின்றிருந்தான். அவனை அதுவரை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. மேஸ்திரிகள் முதுகைப் பார்ப்பார்கள். கங்காணிகள் கையைப் பார்ப்பார்கள். இந்த மனிதர் பதினோரு நாள் முகத்தைப் பார்த்திருக்கிறார்.

"நாம செத்தாலும் இது இருக்கும், தெரியுமா" என்றான்.

"அதான்யா பயமா இருக்கு."

"மூணு வருசம் ஆச்சு. கடல் தாண்டி எவன் வரப்போறான்."

சிரித்தான். மறுநாள் அவன் தலைப்பாகை கட்டவில்லை.

அடுத்த வாரம் கட்டடத் திறப்பு. சுண்ணாம்புத் தொட்டியடியில் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ரப்பர் விலை மறுபடி ஏறுகிறதாம். மலாயாவுக்கு ஆள் சேர்க்கிற ஆபீஸ் இந்தக் கட்டடத்திலேயே வரப்போகிறதாம். கங்காணிகள் வருவார்களாம்.

அவள் தொட்டியிலிருந்த சுண்ணாம்பைப் பார்த்தாள்.

சனிக்கிழமை உச்சிவேளை. எல்லோரும் கஞ்சிக்குப் போயிருந்தார்கள். ஓவியரையும் காணோம். வெள்ளையடிக்கிற மட்டையும் வாளியுமாகச் சாரத்தில் ஏறினாள்.

நெற்றி கைக்கு எட்டியது. காய்ச்சல்காரனுக்குப் பத்துப் போடுவதுபோல மெதுவாக இழுத்தாள். பிறகு கண். மூக்கு. வாய்க்கு வந்தபோது கை நின்றது. அதையும் இழுத்தாள்.

ஈரச் சுண்ணாம்பு எதையும் மறைக்காது. அது அவளுக்குத் தெரியும். காயக் காயத்தான் வெளுக்கும். சாயங்காலத்துக்குள் அங்கே ஒன்றும் இருக்காது.

இறங்கித் திரும்பினாள்.

வாசலில் ஒருவர் நின்றிருந்தார்.

கோட்டுப் போட்டவர். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவளைப் பார்க்கவில்லை. அவளுக்கு மேலே பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து விரித்தார். படித்தார். சுவருக்குக் கிட்டே வந்து, ஈரச் சுண்ணாம்புக்கு அடியில் தெரிந்த தழும்பைப் பார்த்தார்.

"யாரும்மா இது?"

குரல் தணிவாகத்தான் இருந்தது.

"யாரோ ஒரு ஆளுங்க."

"இங்க வேலை செய்யற ஆளா?"

"தெரியாதுங்க. வெறும் படங்க."

அவர் தலையசைத்தார். கடுதாசியை மடித்தார். போகத் திரும்பினார். அவள் மூச்சு விட்டாள்.

வெளியே மணி அடித்தது. வாயைத் துடைத்துக்கொண்டு அவன் முதல் ஆளாக உள்ளே வந்தான்.

கோட்டுப் போட்ட ஒரு பெரிய மனிதர் படத்துக்கு முன்னால் நிற்பதைப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

அவள் கண்ணால் சொன்னாள். தலையை ஆட்டினாள். அவன் அவள் பக்கம் பார்க்கவே இல்லை. கலைந்த முடியை மேலே ஒதுக்கிக்கொண்டு, சுவரோரம் போய் நின்றான்.

"நான்தாங்க அது."