உள்ளே வந்த சட்டை

மாலை வெயில் கதவிடுக்கு வழியாகக் கோடாக விழுந்து தரையில் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்த பூனை பூரணி கூடையைவிட்டு இறங்கியதும், கூடப்பிறந்த கறுப்பி முதுகைத் தூக்கிக்கொண்டு சீறுகிறது. மருந்து வாடை அடிக்கும் இந்தப் பூனை யாரென்று அதற்குத் தெரியவில்லை. பூரணி அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒடுங்குகிறது. “இப்டியே அடிச்சிக்கினு இருந்தா கறுப்பிய குடியாத்தத்துல அக்கா வீட்ல உட்ருவேன்” என்று சொல்லிவிட்டு, இன்பம் முந்தானையால் மூக்கைத் துடைக்கிறாள். இப்போதுதான் வேலை முடிந்து வந்த யேசுபாதம், வாசல் ஆணியில் மாட்டிய சட்டையை எடுத்துக்கொண்டு பனியனோடு உள்ளே வருகிறான். தோல் கம்பெனிச் சட்டை வாசற்படி தாண்டக் கூடாது என்பது கல்யாணமான நாளிலேயே இன்பம் போட்ட சட்டம். அது ஆணியிலிருந்து நழுவி விழுகிற நாளெல்லாம் பூனைகள் இரண்டும் அதன்மேல்தான் சுருண்டு தூங்கும். “யோவ், அத்த இன்னாத்துக்கு உள்ள கொண்டாற?” “பொறு இன்பம்.” அவன் கறுப்பியின் கன்னத்திலும் முதுகிலும் சட்டையைத் தேய்க்கிறான், பிறகு டிரம்முக்குப் பின்னால் கையை விட்டுப் பூரணிக்கும் தேய்க்கிறான். சுண்ணாம்பும் தோலும் வியர்வையும் கலந்த வாடை வீடெல்லாம் பரவுகிறது. சட்டையைத் தரையில் விரிக்கிறான். பூரணி மெல்ல வந்து அதில் படுக்கிறது. கறுப்பி சட்டையை முகர்கிறது, பூரணியின் காதை முகர்கிறது, பிறகு அந்தக் காதை நக்கத் தொடங்குகிறது. “இந்த நாத்தத்தயா தேடினீங்க, கழுதைங்களா?” இன்பம் சிரிக்கிறாள், கண் கலங்கியிருக்கிறது. அவன் எழுந்திருக்கிறான். “குளிச்சிட்டு வர்றேன்.” “அப்பறம் குளிக்கலாம், உக்காருய்யா” என்று கையைப் பிடித்து இழுத்து, அவன் தோளில் சாய்ந்துகொள்கிறாள்.