மனநிம்மதிச் சாமந்தி

கூடத்து மேசையில் கண்ணாடிக் குடுவைக்குள் நின்ற சாமந்திக்குத் தலைகால் புரியாத பெருமை. "நான் இருந்தாத்தான் இந்த வீட்டுக்கே மனநிம்மதியாம். வீட்டுக்கார அம்மா போன்ல நாலு பேர்கிட்டச் சொல்லிட்டாங்க."

"நிம்மதி கொடுக்குற மகராசி, உன் குடுவையில தண்ணி வத்தி ரெண்டு நாளாச்சே," என்றது பக்கத்திலிருந்த பிளாஸ்டிக் ரோஜா.

"மறந்திருப்பாங்க. ஞாபகம் வந்தா ஓடி வருவாங்க பாரு." சொல்லும்போதே சாமந்தியின் தலை தொங்கியது.

அந்த அம்மா வந்தேவிட்டாள், கிண்ணம் நிறையத் தண்ணீரோடு. சாமந்தி தம் பிடித்து நிமிர்ந்தது. அவளோ பிளாஸ்டிக் ரோஜாவை எடுத்து, தண்ணீரில் முக்கி, ஒவ்வொரு இதழாகத் தூசி போகக் கழுவித் துடைத்து வைத்தாள். பிறகு சாமந்தியைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"சே, இந்தப் பூவைப் பார்த்தாலே மனசு கெட்டுப்போகுது."