ஹெல்மெட் பாப்பா

"என்னங்க, சீக்கிரம் வாங்க! ஹெல்மெட் பாப்பா கிளம்பிட்டா!"

மனைவி கூப்பிட்டதும் இன்ஷூரன்ஸ்காரர் பேப்பரும் கையுமாக மூன்றாம் மாடி பால்கனிக்கு ஓடி வந்தார்.

கீழே, கட்டடத்தின் பின்பக்க முற்றத்தில், தரைத்தளத்துத் தையல்காரியின் மகள் கொடியில் காய்ந்த துணியை எடுக்க வந்திருந்தாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தை. தலையில் மஞ்சள் கலர் ஹெல்மெட். முற்றத்தில் கால் வைக்கணும் என்றால் அதை மாட்டிக்கொண்டுதான் வருவாள். துணி எடுக்க, பந்து பொறுக்க, சும்மா நிற்க, எல்லாவற்றுக்கும்.

"என்ன தங்கச்சி, வானம் இடிஞ்சு விழப்போகுதா?" என்று இவர் மேலேயிருந்து தையல்காரிக்குக் கேட்கும்படி குரல் கொடுத்தார்.

இரண்டாம் மாடியிலும் யாரோ சிரித்தார்கள். ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்த தையல்காரி நிமிர்ந்து பார்த்தாள். அவளும் லேசாகச் சிரித்துவைத்துவிட்டு மெஷினை மிதித்தாள்.

"இப்படிப் பயங்காட்டியே வளர்த்தா அந்தப் பொண்ணு நாளைக்கு ரோட்டைக்கூடத் தாண்டாது" என்றாள் மனைவி, கழுவிய ஜாடிகளைக் கைப்பிடிச் சுவர்மேல் கவிழ்த்துக்கொண்டே. சுவர்மேல் ஏற்கெனவே வரிசையாகப் பூந்தொட்டிகள். கடைசியில், இவர் ஆசையாக வாங்கி ஒரே ஒரு நாள் தூக்கிப் பார்த்த டம்பெல். "அந்த ரோஜாத் தொட்டிக்குப் பதிலா இன்னொண்ணு வாங்கணுங்க."

"வாங்கி இதே இடத்துல வை. இந்தத் தடவையாவது பூனை தள்ளாம பாத்துக்க."

"இந்தக் கட்டடத்துல ஏதுங்க பூனை?"

"எங்கேருந்தாவது வந்திருக்கும், விடு."

அந்த வாரக் கடைசியில்தான் டி.வி.யில் அந்தச் செய்தி வந்தது. பழுதாகிப்போன செயற்கைக்கோள் ஒன்று இன்று மாலைக்குள் பூமியில் விழும். துண்டு துண்டாக விழும். எங்கே விழும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஊரையே பயமுறுத்திப் பாலிசி விற்கிறவர், அவருக்கே நாக்கு வறண்டுபோனது.

"மாடியில இருக்காதீங்க! கீழே போங்க!" என்று படிக்கட்டில் யாரோ கத்தினார்கள்.

கீழே இருப்பது தையல்காரியின் வீடு ஒன்றுதான். அரை மணி நேரத்தில் மூன்று மாடியும் அவள் கூடத்துக்குள் அடைந்துவிட்டது. அவள் மெஷினை ஓரம்கட்டி, பாய் விரித்து, சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எல்லோரும் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபேன் லொடக்கென்று சத்தம் போட்டதற்கு இரண்டு பேர் அலறினார்கள்.

"என்னங்க!" மனைவி அவர் கையைப் பிடித்தாள். "டியூஷன் விடுற நேரம். நம்ம பையன் தனியா நடந்து வருவானே!"

டியூஷன் வீட்டுக்கு நாலு தெரு போகணும். நாலு தெருவுக்கும் தலைக்குமேல் என்னென்ன இருக்கிறது என்று இன்றைக்குத்தான் அவர் யோசித்தார். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடத்தின் சாரம், ஒரு பக்கம் கழன்று தொங்கும் விளம்பரப் பலகை, கரண்ட் கம்பி. அதற்கெல்லாம் மேலே, கொதிக்கக் கொதிக்க வந்துகொண்டிருக்கும் இரும்பு.

"நான் போய்க் கூட்டிட்டு வந்துடறேன்."

"அவன் தலைக்கு? உங்க ஹெல்மெட் அவனுக்கு மூக்கு வரைக்கும் இறங்குமே!"

கூடத்தில் எல்லார் கண்ணும் ஒரே இடத்துக்குப் போனது. கதவுக்குப் பின்னால், ஆணியில், மஞ்சள் கலர் ஹெல்மெட்.

இன்ஷூரன்ஸ்காரர் தையல்காரி பக்கம் திரும்பினார். "தங்கச்சி... எப்படிக் கேக்கறதுன்னு தெரியல..."

"இதுல என்ன இருக்கு, எடுத்துட்டுப் போங்கண்ணா." அவளே எடுத்துத் துடைத்துக் கொடுத்தாள்.

கையில் வாங்கியவர் திருப்பிப் பார்த்தார். உச்சியில் நீளமாக ஒரு விரிசல். அதன் இடுக்கில் செங்கல் கலரில் தூள் ஒட்டியிருந்தது.

"இதென்ன, கீழே போட்டுட்டீங்களா?"

"இல்லண்ணா. பாப்பா தலையில இருக்கும்போதுதான் ஆச்சு."

அவர் மேற்கொண்டு கேட்பதற்குள் மனைவி வீறிட்டாள். "ஐயோ, பாப்பா! வெளியே ஓடுதுங்க!"

பின்கதவு திறந்து கிடந்தது. முற்றத்தின் நட்டநடுவில் குழந்தை வெறுந்தலையோடு பந்தை மேலே போட்டுப் போட்டுப் பிடித்துக்கொண்டிருந்தது. தலைமுடியெல்லாம் காற்றில் பறந்தது.

"உள்ளே கூப்பிடு தங்கச்சி! உனக்கென்ன பைத்தியமா? ஹெல்மெட்டும் இல்ல!"

தையல்காரி பதறவில்லை. வாசல்படியில் நின்று மகளைப் பார்த்தாள்.

"விளையாடட்டும்ணா. அது ரொம்ப நாளா கேட்டுக்கிட்டிருந்துச்சு." பிறகு கூடத்தில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த எல்லோரையும் ஒரு சுற்று பார்த்தாள். "முதல்ல ஜாடி ஒண்ணு அவ பக்கத்துல விழுந்து உடைஞ்சப்போதான் ஹெல்மெட் வாங்கினேன். போன மாசம் அவ தலையிலேயே தொட்டி விழுந்தப்போ ஒவ்வொரு மாடியா ஏறி வந்து கேட்டேன். பூனை தள்ளியிருக்கும்னுதான் எல்லாரும் சொன்னீங்க. அந்தப் பூனையெல்லாம் இன்னிக்கு என் வீட்டுக்குள்ளதானே இருக்கு?"