தமிழ் வகுப்புக்கு ஒரு தலை

கத்தரீனாள் டீச்சரின் குடை வரப்பில் தெரிந்ததுமே குப்பண்ணன் மாட்டுக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டார்.

"கேட்டா சித்தூருக்குப் போயிட்டேன்னு சொல்லு," என்று மனைவி நாச்சம்மாளிடம் சொல்லிவிட்டுத்தான் போனார்.

எழுபத்து மூன்றாம் வருஷம். மலையாளச் சீமையின் எல்லையோரத்துத் தமிழ் ஊர்களில் மே மாசம் பிறந்தால் தமிழ் டீச்சர்களுக்கு இதே வேலைதான். ஏழு பாஸான பிள்ளை எட்டாம் வகுப்பில் தமிழ் எடுப்பதா, மலையாளம் எடுப்பதா என்று பெற்றவர்கள் முடிவு பண்ண வேண்டும். பள்ளிக்கூடம் திறந்ததும் மேலிடத்திலிருந்து ஆள் வந்து தலை எண்ணுவார். தலை குறைந்தால் வகுப்பும் போச்சு, டீச்சர் வேலையும் போச்சு. வெயிலென்றும் பாராமல் வீடு வீடாக ஏறி இறங்காமல் என்ன செய்வார்கள், பாவம்.

இதற்கு முன்னாலும் டீச்சர் வந்திருக்கிறார். குப்பண்ணன் ஒவ்வொரு தடவையும் நழுவிவிட்டார். ஒருமுறை கிணற்று மேட்டில் நன்றாக மாட்டிக்கொண்டார். டீச்சர் வாயைத் திறப்பதற்குள், "தெய்வானையோட ஆத்தாளைக் கேட்டுக்கிட்டுச் சொல்றனுங்க," என்று மோட்டாரைப் போட்டுவிட்டார். அந்தச் சத்தத்தில் யார் என்ன பேச முடியும்?

அவருக்கு ஒரே பிடிவாதம். சின்ன மகள் தெய்வானை மலையாளம் படிக்க வேண்டும். வில்லேஜ் ஆபீசில் நீட்டுகிற காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் அசடு வழிய நிற்பது தன்னோடு போகட்டும். மகள் அங்கே நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

"தன் சம்பளத்துக்கு எம்புள்ளை பொழப்பைக் கேக்குது இந்தம்மா," என்று காளையிடம் முணுமுணுத்தார்.

வெளியே பேச்சுக் குரல் கேட்டது.

"அவரு சித்தூருக்குப் போயிருக்காருங்க டீச்சர்."

"இருக்கட்டுங்கக்கா. தெய்வானை, நீ படிச்சு என்ன வேலைக்குப் போகப்போறே?"

"வில்லேஜ் ஆபீசுக்குப் போகோணுங்க டீச்சர்."

குப்பண்ணன் காதைத் தீட்டிக்கொண்டார். இப்போது தாய்மொழி, அது இது என்று ஆரம்பித்துவிடுவார், பிள்ளையும் மயங்கிவிடும்.

"அப்ப நீ மலையாளமே எடு கண்ணு. அந்த வேலைக்கு அதுதான் கை கொடுக்கும். தமிழை ஊட்டுல படிச்சுக்கலாம், புத்தகம் நான் தர்றேன்."

குப்பண்ணனுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. மறைந்திருப்பதையும் மறந்து வெளியே வந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இப்படி எல்லாரையும் அங்க அனுப்பிட்டா உங்க வேலை?"

சித்தூருக்குப் போனவர் கொட்டகைக்குள்ளிருந்து வருவதைப் பார்த்து டீச்சர் சிரிக்கவில்லை. நாச்சம்மாளுக்குத்தான் அடக்க முடியவில்லை.

"என் வேலைக்காக இந்தப் புள்ளை ஆசையைக் கெடுக்கலாமுங்களா? அது கிடக்கட்டும், நான் உங்களைப் பாக்க வந்ததே..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாமுங்க. மொதல்ல மோரைக் குடிங்க," என்று குப்பண்ணன் தடுத்துவிட்டார். வெட்கம் பிடுங்கித் தின்றது. மோர் வருவதற்குள் தோட்டத்துப் பக்கம் போயும் விட்டார்.

மத்தியானம் சோற்றுக்கு உட்கார்ந்ததும் பேச்சை எடுத்தார்.

"நல்ல மனுஷி. அந்தம்மா வேலை போயிருச்சுன்னா நமக்குத்தான் பாவம், நாச்சா."

"அதுக்கு என்னங்க பண்றது? தெய்வானை மலையாளத்துக்குப் போறா. தமிழ் படிக்க நம்மூட்டுல வேற ஆரு இருக்கறாங்க?"

ஆட்டுக்கல்லில் மாவரைக்கிற சத்தம் நின்றுபோனது. மூத்தவள் மயிலாத்தாள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் அவள் ஏழு பாஸான மாசமே பெரிய மனுஷியானாள். "படிச்சது போதும்," என்று குப்பண்ணன் நிறுத்திவிட்டார். அவளும் எதிர்த்துப் பேசவில்லை. அப்புறம் தங்கச்சியின் வீட்டுப்பாடத்தையெல்லாம் வருஷம் முழுக்க எழுதிக் கொடுத்தது அவள்தான்.

குப்பண்ணன் கையிலெடுத்த சோற்றைத் தட்டிலேயே போட்டார்.

"ஏ மயிலா, நீ போறியா?"

"எங்கீங்கப்பா?"

"எட்டாவதுக்கு. தமிழுக்கு."

"நெசமாத்தான் சொல்றீங்களா?"

"டீச்சர் வேலையைக் காப்பாத்தோணும் பாரு, அதுக்குத்தான். பெரிய மனுஷியானா என்ன, தங்கச்சியும் கூட வாறா, ரெண்டு பேரும் சேந்தே போயிட்டு வாங்க."

மாவுக் கையோடு மயிலாத்தாள் எழுந்து ஓடிவந்து தங்கச்சியைக் கட்டிக்கொண்டாள். தெய்வானையின் பாவாடையெல்லாம் மாவு. யாரும் அவளைத் திட்டவில்லை.

ஜூன் மாசம் பள்ளிக்கூடம் திறந்த அன்று குப்பண்ணன் வெள்ளை வேட்டி கட்டி, வண்டி பூட்டி, இரண்டு மகள்களையும் தானே அழைத்துக்கொண்டு போனார். தெய்வானையை மலையாள வகுப்பில் விட்டார். மூத்தவளைக் கூட்டிக்கொண்டு, ஊருக்கே உபகாரம் பண்ணுகிற தோரணையில் கத்தரீனாள் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"இந்தாங்க டீச்சர், உங்க கிளாசுக்கு ஒரு தலை. இனிமே உங்க வேலையை ஆரும் அசைக்க முடியாதுங்க."

டீச்சர் மயிலாத்தாளின் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்.

"என் கிளாஸ் மே மாசம் மொத வாரமே நெறஞ்சு போச்சுங்க."

குப்பண்ணன் திகைத்துப் போனார்.

"அப்புறம் எதுக்குங்க அந்த வெயில்ல எங்கூட்டுக்கு நடையா நடந்தீங்க?"

"தெய்வானையை ஆருங்க கேட்டா? மயிலாவை மறுபடியும் படிக்க அனுப்புங்கன்னு சொல்லத்தானுங்க ஒவ்வொரு தடவையும் வந்தேன். நீங்க எங்க வாயைத் திறக்க விட்டீங்க?"