குழி விழுந்த கல்

மேய்ச்சல் காட்டுக்குள் ஒரு முழ அகலத்துக்கு ஓடி மண்ணுக்குள் மறைந்துவிடும் நெஃபலின் என்ற கனிமம் கலந்த பாறையைத் தேடித்தான் பியூலா காலையிலிருந்து அலைந்துகொண்டிருந்தாள். வேலியோரம் முழங்கால் உயரத்தில் ஒரு கல் தெரிந்ததும் சுத்தியலோடு ஓடிப்போய் மண்டியிட்டாள். மேலெல்லாம் அம்மைத் தழும்புபோலக் குழிகள். மழை மற்ற கனிம மணிகளை விட்டுவிட்டு நெஃபலினை மட்டும் கரைத்துத் தின்றால்தான் இப்படிக் குழி விழும். குழிகளில் வெள்ளையாகப் படிந்திருந்ததை, பொடிந்துபோன கனிமம் என்றே நினைத்தாள். ஈரத்தில்தான் கல்லின் நிறம் தெளியும். பாறை பார்க்கிறவர்கள் எல்லோரும் செய்வதைப்போல அவளும் குனிந்து நக்கினாள். எண்ணெய் தடவியதுபோல் சாம்பல் மணிகள் மினுங்கின. அதேதான். சுத்தியலை ஓங்கியபோதுதான் நாக்கில் லேசான இனிப்பு தெரிந்தது. கல் இனிக்காது.

வேலிக்கு அப்பால் ஒரு பெண் நின்றிருந்தாள். ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது.

“அந்தக் கல்லு மேக்கால கெடந்துதுங்க,” என்றாள். “நாயி தோண்டிப்போடுமுன்னு எங்கூட்டுக்காரரு உருட்டியாந்து கொழந்தை மேல வெச்சாருங்க. நாந்தான் தெனமும் வந்து பீச்சி உட்டுட்டுப் போறனுங்க. பாலு கட்டிக்குது, என்ன பண்றது.”

ஓங்கிய கை அப்படியே நின்றது. பியூலாவால் துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. திட்டப்போகிறாள் என்று காத்திருந்தாள். அந்தப் பெண்ணோ வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கூச்சத்தோடு மெல்லக் கேட்டாள்.

“ஏனுங்க, பாலு நல்லாத்தானுங்க இருக்குது? அவன் ஒருக்காக்கூட வாய் வெக்கலீங்க.”