பன்னிரண்டாம் பக்கம்

ஜமுனாமரத்தூரில் கோகிலவாணி நடத்தும் கணினி மையத்தில் மூன்று கணினிகளுக்கும் பிரிண்டர் ஒன்றுதான். மகளின் விடுதிச் சேர்க்கைக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்கப் புதூர்நாட்டிலிருந்து மங்கம்மாள் வந்த அன்று, கோகிலவாணிக்குச் சாப்பாட்டு அவசரம். "பிரிண்ட் மாட்டிக்கிச்சிம்மா, நாளைக்கி வாங்க" என்று கூசாமல் பொய் சொன்னாள்.

மறுநாள் அந்தச் சான்றிதழ்ப் பக்கம் நிஜமாகவே மாட்டிக்கொண்டது. அழித்தாலும், கணினியை அணைத்துப் போட்டாலும், பிரிண்ட் வரிசையில் திரும்ப வந்து நின்றது. தினம் ஒரு பக்கம் கூடியது. மங்கம்மாள் மட்டும் அப்புறம் வரவே இல்லை.

பதினோரு பக்கம் சேர்ந்த மறுநாள், ஜீப் ஓட்டும் சின்னராசு வாசலில் வந்து நின்றார்.

"இன்னா மேடம், அந்தம்மாவ டெய்லி இட்டாந்து வுடறேன். நாளைக்கி வான்னு நீங்க டெய்லி திருப்பி அனுப்பறீங்களாமே. புள்ளைக்கி சீட் போய்டும்."

"அவங்க ஒரு நாள்தானே வந்தாங்க?"

"இன்னா பேசறீங்க? தோ, உள்ளதான் உக்காந்துனு இருக்காங்க."

அவர் காட்டிய சுவரோர நாற்காலி காலியாக இருந்தது. கோகிலவாணி பிரிண்ட் கொடுத்தாள். பிரிண்டர் அசையவில்லை. மறுபடியும் மறுபடியும் கொடுத்தாள். கடைசியில் அந்த நாற்காலியைப் பார்த்துச் சொன்னாள்.

"சத்தியமா மாட்டிக்கிச்சிம்மா. நாளைக்கி வாங்க."

திரையில் பதினொன்று பன்னிரண்டானது. வெளியே சின்னராசு ஜீப்பின் பின்கதவைத் திறந்து, யாரோ ஏறி உட்காரும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.